எறும்பின் கண்

சைவ நன்மக்கள் பயிலும் இத் திங்களிதழிற் பெரும்பாலும் திருமுறையும் மெய்கண்ட நூல்களும் பற்றிய கட்டுரைகளே வெளிவருதல் அன்பர்கள் அறிந்ததே. எளியேன் இப்போது எழுதப் புகுவது எறும்பைப் பற்றி. என் ஆசிரியப் பணியில் யான் செய்த பிழையொன்றை எறும்பை விடுத்துச் சொல்ல இயலாது. ஆதலின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

யான் இளமையிற் காவிரிக்கரையிலுள்ள ஆதீனமொன்றின் பாடசாலையிற் பயின்றவன். வைகறையில் நீராடித் திருநீறணிந்து தேவாரம் ஓதுதல், முற்பகலில் இலக்கணம், பிற்பகலிற் சாத்திரம், மாலையிற் பூசைக்குப் பூத்தொடுத்தல் என்பது அங்கு நாள்முறை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதியியலாகிய மரபியலை எங்கட்குப் பாடஞ்சொன்ன பெரியவர், ஒரு நாள் நூலை மூடிவைத்துவிட்டு எங்களை நந்தவனத்துக்கு அழைத்துச் சென்றார். காற்றில் வீழ்ந்த தென்னையொன்று அங்கே அறுபட்டுக் கிடந்தது. அருகே விறகுக்கு வெட்டிய வேம்பின் துண்டமும் கிடந்தது. இரண்டின் வெட்டுவாயையும் நகத்தாற் கீறிப் பார்க்கப் பணித்தார். தென்னையின் விளிம்பு இரும்புபோல் இருந்தது. நடுவிடமோ நெகிழ்ந்து நார்நாராய் வந்தது. வேம்பின் நடுவிடம் வயிரம் பாய்ந்து சிவந்திருந்தது. புறம் வெளிறி மென்மையாய் இருந்தது. "காழ் என்பது வயிரம். வயிரத்தைப் புறத்தே உடையது புல். அகத்தே உடையது மரம். இனித் தென்னையை மரமென்று யாரேனும் சொன்னால் உலக வழக்காற் சொல்கின்றார் என்று கொள்ளுங்கள்" என்றார்.

அன்று முதல் எனக்குத் தென்னையும் பனையும் மூங்கிலும் நெடிய புற்களாகவே தோன்றலாயின. அவற்றின் உறுப்புக்கட்கு உலகத்தார் வழங்கும் பெயர்களும் இதற்கு இயைபாகவே உள்ளன. பனையோலை, தென்னையோலை என்கின்றோம். பனையிலை என்பார் இலர். மட்டை, பாளை, குலை, ஈர்க்கு என்பன தென்னைக்கு உரியன. மாமரத்துக்கு ஈர்க்கும் இல்லை, பாளையும் இல்லை. இளமைப் பெயரிலும் இவ்வாறே. மாங்கன்று என்கின்றோம், தென்னம்பிள்ளை என்கின்றோம், நெல்லுக்கும் கத்தரிக்கும் நாற்று என்கின்றோம். எங்கள் கடத்தூர்ப் பக்கத்து உழவர் ஒருவரேனும் இவற்றை மாற்றிச் சொல்ல யான் கேட்டிலேன். மரபியல் என்பது முதற்கண் இத்தகைய சொல்வழக்கை வரையறுக்க எழுந்த இயல் என்பதை நாம் பலகாலும் மறந்துவிடுகின்றோம். எதன் குட்டியைக் குட்டி என்பது, எதன் ஆணைக் களிறு என்பது என்னும் ஆராய்ச்சியினிடையேதான் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுக்கும் பகுதி வருகின்றது.

பணியில் அமர்ந்தபின், உடன் பணியாற்றிய தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் புறக்காழ் அகக்காழ் என்னும் இவ்வகுப்பைக் கூறினேன். அவர் வியப்புற்று, தம் நூலிலும் இப்பிரிவு உண்டென்று காட்டினார். நெல், மூங்கில், கமுகு, தென்னை, பனை ஆகிய யாவும் முளைக்கும்போது ஒற்றை வித்திலையே உடையன. மா, புளி, வேம்பு முதலியன இரண்டு வித்திலை உடையன. பின்னவற்றின் தண்டில் ஆண்டுதோறும் புதிய கட்டையை அடுக்கும் வளர்படை ஒன்று உண்டு. அவ்வடுக்கில் முதிர்ந்தது உள்ளே வயிரமாகின்றது. முன்னவற்றில் அவ்வளர்படை இல்லை. நீரும் உணவும் ஏறியிறங்கும் நாள நரம்புகள் தண்டெங்கும் சிதறிக் கிடந்து, விளிம்பில் நெருங்கி இறுகுகின்றன. அதனால் அவற்றின் வயிரம் வெளியே அமைகின்றது. மேனாட்டில் இவ்விரு பிரிவையும் முறைப்படுத்தி 1682-இல் நூல் செய்தவர் ஜான் ரே என்னும் ஆங்கிலேயர். அவருக்குப் பல நூற்றாண்டு முன்னரே நம்மவர் வெட்டுவாயைப் பார்த்து இதனைக் கண்டனர் என்பதில் ஐயமில்லை. இன்றும் இதனைச் சொல்லுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது.

அம்மகிழ்ச்சிதான் பின்னர்ச் செருக்காகத் திரிந்தது. ஓரிடத்திற் சரியாய் அமைந்ததனால் எல்லா இடத்தும் சரியாகவே அமைந்திருக்கும் என்று கொண்டேன்.

1996-ஆம் ஆண்டு, யான் அப்போது பணியாற்றிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறுவகை உயிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். புல்லும் மரமும் உடம்பினால் மட்டும் அறிவன. நத்தையினமும் சிப்பியினமும் அதனோடு நாவினாலும் அறிவன. கறையானும் எறும்பும் மூக்கினாலும் அறிவன. நண்டும் தும்பியும் கண்ணினாலும் அறிவன. விலங்குகள் செவியினாலும் அறிவன. மக்கள் மனத்தாலும் அறிவர் என்பது முறை. "எறும்புக்குக் கண் இல்லை, முகர்ந்தே வழிகாண்கின்றது" என்று யான் சொன்னபோது, பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, எறும்புக்குக் கண் உண்டுங்க. நேற்று அறிவியல் வகுப்பிலே உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். தலையின் இரண்டு பக்கமும் கருப்பாக இருந்தது."

"தொல்காப்பியனாரினும் நீ கண்டுவிட்டாயோ?" என்றேன். வகுப்பு முழுதும் சிரித்தது. மணி அடிக்கும்வரை அவனை இருக்கையின்மேல் நிற்கவைத்தேன். மீண்டும் ஒரு முறையேனும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. நந்தவனத்தில் என் ஆசிரியர் நூலை மூடிவைத்துவிட்டு வெட்டுவாயைக் காட்டியதும் என் நினைவுக்கு வரவில்லை.

ஆண்டுகள் பல சென்றன. ஓய்வு பெற்றுக் கடத்தூரில் இருக்கின்றேன். மேல்நிலை முதலாண்டு பயிலும் என் பேத்தி, தன் பாடநூலிலுள்ள உயிரியற் சொற்களுக்குப் பொருள் கேட்கும்பொருட்டு மாலைதோறும் திண்ணைக்கு வருவாள். அவளுக்கு யான் சொற்பொருள் சொல்ல, அவள் எனக்குப் பொருளையே சொல்லலானாள். அவ்வகையில் யான் அறிந்தவற்றைச் சுருக்கி எழுதுகின்றேன்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்பார் 1735-இல் தம் நூலை முதன்முறை வெளியிட்டபோது, உயிருள்ளவற்றைத் தாவரவுலகம் விலங்குலகம் என இரண்டாகவே வகுத்தார். நிற்பது தாவரம், நகர்வது விலங்கு என்னும் அளவில் அது எவர்க்கும் உடன்பாடே. நாமும் நிலையியல், இயங்கியல் என்றும், அசரம், சரம் என்றும் சொல்லி வருகின்றோம் அன்றோ? உருப்பெருக்கியிற் சிற்றுயிர்கள் புலப்படப் புலப்பட, அவை இரண்டனுள் எதிலும் அடங்காவாயின. பசுமையாயிருந்து தாவரம்போல் உணவாக்குவதும் வாலசைத்து நீந்துவதும் ஒரே உயிரிடத்துக் காணப்பட்டன. 1866-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் இத்தகையவற்றுக்கெனப் புரோட்டிஸ்டா என மூன்றாவதோர் உலகம் வகுத்தார். 1969-இல் அமெரிக்கரான விட்டேக்கர் ஐந்து உலகங்களை வகுத்தார். அவை மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்பன. பாக்டீரியா முதலியன மொனிராவுள் அடங்கின.

இதுகாறும் வகுத்தவர் உருவத்தையும் உணவு கொள்ளும் முறையையும் பார்த்தே வகுத்தனர். 1977-இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் இருவர் வேறொரு வழியை மேற்கொண்டனர். எல்லா உயிரணுக்களினுள்ளும் புரதம் நெய்யும் பொறி ஒன்று உண்டாம். அதன் கூறாகிய ஆர்.என்.ஏ. என்னும் பொருளில் நான்கே எழுத்துக்கள் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளனவாம். அவ்வெழுத்தடுக்கை உயிர்தோறும் ஒப்பிட்டு, எது எதற்கு நெருங்கிய உறவு என்று கண்டனர். இதனைப் பேத்தி சொன்னபோது எனக்கு வேறு விளக்கம் வேண்டாதாயிற்று. ஏடு பார்த்துப் பதிப்பிப்பவர் செய்வது இதுவே அன்றோ? பத்து ஏடுகளை வைத்துப் பார்க்கின்றோம். ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டு ஏடுகளிற் காணப்படின், அவ்விரண்டும் ஒரு தாயேட்டினின்றும் பெயர்த்தெழுதப்பட்டன என்று துணிகின்றோம். ஓலை புதிதா பழையதா, எழுத்து அழகியதா அன்றா என்பன உறவைக் காட்டா, பிழையே காட்டும். பாடசாலையில் யான் ஏடு படித்த காலத்து, அழகிய எழுத்துடைய ஏடொன்றை நம்பி மோசம் போனதுண்டு. உயிர்களிடத்தும் உருவம் அழகிய எழுத்துப் போன்றதே.

இவ்வாறு ஒப்பிட்டதில், பாக்டீரியா என்று ஒன்றாகக் கருதப்பட்டவற்றுள்ளேயே தம்முள் மிக வேறுபட்ட இரு குலங்கள் இருத்தல் புலனாயிற்று. கொதிநீர் ஊற்றிலும் மிக்க உப்புநீரிலும் வாழ்வன பல ஆர்க்கியா என்னும் தனிக்குலம் என்றனர். 1990-இல் வோஸும் அவருடன் இருவரும் உயிர்கள் அனைத்தையும் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என மூன்று பேருலகமாக வகுத்தனர். புல், புழு, மரம், யானை, மனிதன் எல்லாம் மூன்றாவதனுள் அடக்கம். லின்னேயஸ் முதற்கண் கண்ட இரண்டு உலகங்களும் அம்மூன்றாவதன் இரு கிளைகளாய்ச் சிறுத்துவிட்டன.

அந்நூலில் என்னைத் திடுக்கிடச் செய்தது காளான் பற்றிய செய்தி. மழைக்குப் பின் எங்கள் பக்கத்துப் புன்செய்க் காடுகளிற் புற்றோரம் வெண்குடை விரித்தாற்போல் முளைக்கும் புற்றுக்காளானைக் கீரைபோல் ஒன்று என்றே யாவரும் எண்ணி வந்தோம். அது கறையான்கள் புற்றினுள்ளே வளர்க்கும் பயிராம். மென்ற சருகாற் பாத்தி அமைத்து அதிற் பூஞ்சையை வளர்த்து உண்கின்றனவாம். அஃதன்றியும், பூஞ்சைகள் உறவுமுறையில் தாவரத்தினும் விலங்குக்கே அணுக்கமாம். நண்டின் ஓட்டிலும் வண்டின் தோட்டிலும் உள்ள கைட்டின் என்னும் பொருளே காளானின் உயிரணுச் சுவரிலும் உள்ளதாம்.

பேத்தி கேட்டாள்: "தாத்தா, மடத்தில் காளானை விலக்கினது இதனால்தானா?"

சமயதீக்கை பெற்ற நாள்முதல் யான் காளானை உண்டதில்லை. பாடசாலை மடைப்பள்ளியில் வெங்காயம், பூண்டு, காளான் மூன்றும் புகா. "ஆம் அம்மா, நம் முன்னோர் அதனை விலங்கென்று அறிந்தே விலக்கினர்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவளும் பள்ளியிற் போய்ப் பெருமையோடு சொல்லியிருப்பாள். ஆயின் மிருதி நூல்கள் காளானைப் பூண்டோடும் வெங்காயத்தோடும் ஒருங்கு வைத்து, அசுத்தமான இடத்து முளைப்பனவற்றையும் உடன்கூட்டி விலக்குகின்றன. பூண்டு விலங்குக்கு உறவன்று. தூய்மை நோக்கி விலக்கியதை உறவு நோக்கி விலக்கியதாகச் சொல்வது முன்னோர் வாயில் அவர் சொல்லாததை இடுதலாகும். "இல்லை அம்மா, அது வேறு காரணம்" என்றேன்.

இத்தகைய ஆசை எனக்கு மட்டும் உரியதன்று. சில ஆண்டுகட்கு முன் சைவக் கூட்டமொன்றிற் பேசியவர், 2011-இல் அறிவியலார் உலகத்து உயிரினங்கள் 87 இலட்சம் என்று கணித்தனர், நம் நூல்கள் முன்னரே 84 இலட்சம் யோனிபேதம் என்றன என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. அவ்வாண்டில் அவ்வாறு ஒரு கணிப்பு வெளிவந்தது உண்மையே. ஆயின் அது 13 இலட்சம் கூடலாம் குறையலாம் என்னும் வரம்போடு வந்தது. பாக்டீரியாவையும் ஆர்க்கியாவையும் அக்கணக்கிற் சேர்க்கவில்லை. நம் கணக்கோ தேவர் 14 இலட்சம், மக்கள் 9 இலட்சம், ஊர்வன 11 இலட்சம், நீர்வாழ்வன, பறவை, நாற்காலி ஆகிய மூன்றும் பத்துப்பத்து இலட்சம், தாவரம் 20 இலட்சம் என்று பகுத்து வைத்துள்ளது. தேவரை அவர்கள் எண்ணினாரல்லர். மக்களினம் அவர்கட்கு ஒன்றே. நமக்கு ஒன்பது இலட்சம். உறுப்புக்கள் ஒன்றும் ஒவ்வாதிருக்கக் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒத்தது என்று கைதட்டுவது, இரு வேறு ஊரார் வீட்டுச் செலவின் மொத்தம் ஒத்தது கண்டு அவர்கள் உறவினர் என்பது போலும். நாளை அவர்கள் கணிப்பை இரு மடங்காக்கினால் நம் நூல் பொய்யாகிவிடுமா? ஆகாது, அந்த எண்ணிக்கை சொல்ல வந்தது பிறவிக்கடலின் அகலத்தை. கூட்டத்தில் யான் எழுந்து இதனைச் சொல்லவில்லை. முதியவர் பலர் மகிழ்ந்திருந்தனர். அச்சமும் ஒரு காரணம்.

நால்வகைத் தோற்றத்துள் வேர்வையிற் பிறப்பன என்று ஒரு வகை உண்டு. பேன் முதலியவற்றை அதற்கு எடுத்துக்காட்டுவர். சுவேதசம் என்று யான் ஓதிக்கொண்டிருந்ததைக் கேட்ட என் தாயார், "பேன் வேர்வையிலா பிறக்கும்? ஈர் பொரிந்தல்லவா பேனாகிறது?" என்று நகைத்தது நினைவுண்டு. ஈர் என்னும் சொல்லை நம் மொழியில் வைத்தவர் பேனின் முட்டையைக் கண்ணாற் கண்டவரே. அழுகிய இறைச்சியிற் புழு தானே தோன்றுவதில்லை, ஈ முட்டையிடுவதனாலேயே தோன்றுகின்றது என்று 1668-இல் இத்தாலிய நாட்டு ரெடி என்பவர் பாண்டத்தின் வாயை மெல்லிய துணியால் மூடிக் காட்டினார். என் தாயார் எழுத்தறியார். அவருக்குச் சீப்பும் பேத்தியின் தலையும் போதியனவாயிருந்தன.

இவ்விடத்தில் அன்பர் சிலர் சினத்தல் கூடும். நூலைக் குறை கூறுகின்றான் என்பர். அவர்கட்கு நம் சாத்திரத்தையே விடையாக வைக்கின்றேன். சிவஞானசித்தியார் அளவையிற் பல அளவைகளையும் எண்ணி, அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடிக்கின்றது. முதலில் நிற்பது காண்டல். பொறிகளுக்கு எட்டாதனவாகிய பதியிலக்கணம், பாசநீக்கம், முத்திநிலை ஆகியவற்றுக்கு உரையளவை வேண்டும். எறும்பின் தலையிற் கண் உண்டா இல்லையா என்பது பொறிக்கு எட்டுவது. கண்ணாடி ஒன்று இருந்தாற் போதும். எட்டுவதனை எட்டாததன் அளவையாற் காக்க முயன்றதே என் பிழை. அம்மாணவன் காண்டலளவையின்மேல் நின்றான். யான் அளவையே இன்றி வகுப்பின் சிரிப்பின்மேல் நின்றேன்.

எறும்புக்குக் கண் உண்டு. பல சிறு கண்கள் கூடிய கூட்டுக்கண் அது. சகாராப் பாலையில் வாழும் எறும்பொன்று இரைதேடி வளைந்து வளைந்து நெடுந்தொலைவு சென்றபின், வானொளியின் திசையைக் கண்ணாற் கொண்டு, நேர்கோட்டில் தன் வளைக்குத் திரும்புகின்றதாம். அதனோடு சேர்த்து எண்ணப்பட்ட கறையானிலோ, உழைக்கும் இனத்தவை பெரும்பாலும் கண்ணில்லாதன. ஆங்கு மரபியல் கூறியது பொருந்துகின்றது. தோட்டத்து நத்தைக்குக் கொம்பின் நுனியிற் கண் உண்டு, மோப்பமும் உண்டு. புல்லுங்கூட ஒளியை அறிகின்றது: 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகனும் புல்லின் முளைநுனியிற் சிறு மூடியிட்டபோது அது ஒளியை நோக்கி வளையாதாயிற்று, மூடாத முளை வளைந்தது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1901-இல் இலண்டனில் அறிஞர் அவையின்முன், தாவரமும் ஊறுபாட்டுக்கு எதிர்வினை காட்டுவதைக் கருவியிற் காட்டினார்.

ஆயின் அறுவகைப் பகுப்பு வீண் என்பதா? அதனைப் பற்றித்தான் பல இரவு உறக்கமின்றி எண்ணினேன். அறிவியலார் கேட்கும் வினா, எது எதனின்றும் கிளைத்தது என்பது. ஏடு எந்தத் தாயேட்டின் வழியது என்பது போல அது. அந்த வினாவுக்கு அறிவின் அளவு விடையாகாது. யாம் அதனை விடையாக்க முயன்றபோதெல்லாம் நாணமே மிஞ்சியது. நம் பகுப்புக் கேட்கும் வினா வேறு. ஓருயிர் எத்துணை வாயில்களால் உலகை அறிகின்றது என்பது அவ்வினா. சித்தாந்தத்தில் அறிவு உயிரின் இயல்பு. ஆணவம் அதனை மறைக்கின்றது. மாயையின் காரியமாகிய உடம்பும் கருவிகளும் அம்மறைப்பைச் சிறிது சிறிதாய் விலக்குகின்றன. புல்லில் உள்ள உயிரும் புலவனில் உள்ள உயிரும் இயல்பால் வேறல்ல. திறந்த வாயில்கள் வேறு. மலத்தளவால் உயிர்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூன்றாக வகுக்கும் நம் நூல்வழி பார்த்தால், இருக்கையின்மேல் நின்ற மாணவனும், நிற்கவைத்த யானும், பேசப்பட்ட எறும்பும் மும்மலமுடைய சகலரே. (மூன்று பேருலக வகுப்பிலும் எறும்பும் யானும் ஒரே பேருலகத்தேம். இரண்டும் ஒன்று என்று சொல்ல மீண்டும் நாக்கு எழுகின்றது, அடக்குகின்றேன்.)

வாயில்களை எண்ணுவதன் பயன் யாது? துன்பம் நுகரும் அளவை அறிதல். உயிர் உண்டாயினும் புல்லைக் கொய்து உண்கின்றோம், ஆட்டைக் கொன்று உண்ணோம் என்பதற்கு நம்மவர் காட்டும் நியாயம் இதுவே. உறவுமுறை வகுப்பு இதனைச் சொல்லாது. காளான் விலங்குக்கு உறவு என்பதனால் அதனைக் கொய்தல் கொலையாகிவிடாது, நண்டு நமக்கு நெடுந்தொலைவு என்பதனால் அதனைக் கொதிநீரிலிடுதல் அறமாகிவிடாது. இவ்வாறு நோக்கினால், எறும்புக்குக் கண் இல்லை என்று யான் பிடிவாதமாய் நின்றதன் கேடு தெளிவாகும். யாருடைய அறிவைக் குறைத்து எண்ணுகின்றோமோ அவர்பால் நம் அருளும் குறைகின்றது. பேத்தியின் கண்ணாடியில் அவ்விரு கருப்பொட்டுக்களையும் முதன்முறை கண்ட நாளுக்குப் பின், முற்றத்துக் கோலத்தின்மேல் கால்வைக்கத் தயங்குகின்றேன். அரிசிமாக் கோலமிட்ட நம் பெண்மக்கள் எறும்புக்கு எத்தனை அறிவென்று கேட்டா இட்டனர்?

சமண நூல்களிலும் ஓரறிவு முதல் ஐயறிவு ஈறாக இத்தகைய வகுப்பு உண்டு. அதனைச் சான்றாக்கித் தொல்காப்பியனார் சமணரே என்று வையாபுரிப் பிள்ளையவர்கள் வாதித்ததும், அதற்கு எழுந்த மறுப்புக்களும் அறிஞர் அறிவர். அவ்வழக்கில் யான் புகவில்லை. எறும்பை மிதியாதிருக்க வேண்டுவது இரு திறத்தார்க்கும் ஒன்றே.

சென்ற தைத் திங்களில் அம்மாணவரைக் காணச் சென்றேன். அவருக்கு இப்போது நாற்பதைக் கடந்த அகவை. கடத்தூரையடுத்துச் சிறு கொடிக்கால் வைத்துள்ளார். அகத்தியிற் படர்ந்த வெற்றிலைக் கொடிகளிடையே ஏணியிட்டு ஏறி இலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கித் துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு நின்றார். வந்த காரியத்தை நேரே சொன்னேன்.

"நீ அன்று சொன்னது சரி. யான் பார்க்காமலே உன்னைத் தண்டித்தேன்."

மறந்திருப்பார் என்று நினைத்துச் சென்றேன், அவர் மறந்திலர். "அன்றைக்கு வீட்டுக்குப் போய் மறுபடியும் பார்த்தேனுங்க ஐயா. கண் இருந்தது. சரி, ஐயா சொன்னால் அதற்கும் ஒரு பொருள் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் வகுப்பில் எதையும் கேட்கவில்லை" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, இலை வாடியதைச் சொல்வதுபோற் சொன்னார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை. அகத்தித் தண்டில் எறும்புகள் சாரை சாரையாய் ஏறிக்கொண்டிருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

புறப்படும்போது கவுளி வெற்றிலை ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, "ஐயா, தென்னை புல், மா மரம் என்று அப்போது சொல்லிக் கொடுத்தீர்கள். இது எதிலே சேருமுங்க?" என்று வெற்றிலைக் கொடியைத் தொட்டுக் காட்டினார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிய பின் அவர் என்னைக் கேட்ட முதற்கேள்வி அது.

"என் பேத்தியைக் கேட்டு வந்து சொல்கின்றேன்" என்றேன்.

அவள் தன் ஆசிரியரைக் கேட்டு வந்து சொன்னாள். வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பத்தன. முளைக்கும்போது இரண்டு வித்திலை காட்டுவதால் முன்னெல்லாம் மாவும் வேம்பும் உள்ள பெரும்பிரிவில் அவற்றை வைத்தனர். தண்டை வெட்டிப் பார்த்தாலோ, நாள நரம்புகள் ஒரே வளையமாய் நில்லாது உள்ளேயும் சிதறிக் கிடந்து புல்லினத்தைச் சிறிது ஒத்திருக்கும். எழுத்தடுக்கை ஒப்பிட்டுப் பூக்குந்தாவரங்களை 1998 முதல் புதிதாய் வகுத்து வருவோர், வெற்றிலை, மிளகு, சீத்தா, சண்பகம், இலவங்கப்பட்டை ஆகியவற்றை அவ்விரு பிரிவினின்றும் நீக்கித் தனிக்கிளையாக வைத்துள்ளனர்.

அடுத்த கிழமை கொடிக்காலுக்குச் சென்று இதனைச் சொன்னேன். அவர் ஏணியின்மேல் இருந்தார். கிள்ளிய காம்பொன்றைத் திருப்பி அதன் வெட்டுவாயைக் கண்ணருகே வைத்துச் சற்றுநேரம் பார்த்தார். "கண்ணாடி இருந்தால் தெரியுமுங்க" என்றார். அடுத்த முறை கொண்டுவருகின்றேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.